தவறிய மாணாக்கன் தூதனாதல் தகுமோ?

ஆசிரியனிடத்துப் பொருளைப் பெற்ற மாணாக்கன் ஒருவன், இடுக்கண் வந்துழி அவ்வாசிரியனை அறியேன் என்று மறுத்து ஓடினானாயின், பின்னர் அவ்வாசிரியன் பெயரால் பிறர்க்கு அறிவுறுத்தும் உரிமை அவனுக்கு உண்டோ இல்லையோ என்பது அறிஞர் ஆராயத்தக்கதொரு வினாவாம். உண்டெனின், ஒழுக்கமிலான் வாய்ச்சொல்லும் உபதேசமாய் முடியும். இல்லெனின், குற்றமே நிகழாத மாணாக்கன் உலகத்து அரியனாகலின் உபதேச வழியே அற்றொழியும். இருதலையும் இடர்ப்பாடுடைய இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஒரு சமயத்தின் பிறப்பிலேயே தோன்றி, முந்நூறு நானூறு ஆண்டுகள் அதனை விடாது தொடர்ந்து, ஈற்றில் அதனை இரண்டாகப் பிளந்தது. அச்சமயம் கிறித்து சமயம். அதன் தொடக்க காலத்துச் சீடர் நிலையையும் அவர் மேற்கொண்ட பணியையும் இவ்வினாவின் வழிநின்று ஈண்டு ஆராய்வாம்.

பிறசமய நூற்பொருளை நுணுகிக் கற்றல் சைவப் பெரியோர்க்குப் புதிதன்று. நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள் பார்சிவல் பாதிரியாருக்கு உடனிருந்து விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியில் உதவினார்கள் என்பதை யாவரும் அறிவர். ஒரு கொள்கையை உடன்படுவார்க்கும் மறுப்பார்க்கும் அதனை உள்ளவாறறிதலே முதற்கடன். ஈண்டு யாம் புகுந்தது மறுத்தற்பொருட்டுமன்று, உடன்படுதற்பொருட்டுமன்று. மேற்கூறிய வினாவுக்கு விடை காண்டற்பொருட்டேயாம்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். அச்சமயத்தாரது புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதன்கண் மாணாக்கரைக் குறிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று 'மதேத்தேசு' என்பது. கற்போன் என்பது அதன் பொருள். மற்றொன்று 'அப்போசுத்தொலொசு' என்பது. அனுப்பப்பட்டோன் என்பது அதன் பொருள். தமிழ் விவிலியத்தார் முன்னதனைச் 'சீஷர்' என வடசொற் சிதைவாலும், பின்னதனை 'அப்போஸ்தலர்' எனக் கிரேக்கச் சொல்லையே திரித்தும் வழங்கினர். பின்னையது பொருள் விளங்காது நின்றமையின், இரண்டிற்குமுள்ள வேற்றுமை தமிழிற் பயில்வார்க்குப் புலப்படுவதில்லை. கற்போன் ஆசிரியனை நோக்கி நிற்பவன். அனுப்பப்பட்டோன் ஆசிரியன் ஏவலால் உலகினை நோக்கிச் செல்பவன். நிற்றலும் செல்லுதலும் தம்முள் மாறுபட்ட தொழில்கள். இயேசுநாதர் பன்னிருவரைத் தெரிந்தமைக்குக் காரணங்கூறப் புகுந்த மாற்கு என்னும் நூலாசிரியர், தம்முடன் உறைதற்பொருட்டும், அனுப்பப்படுதற்பொருட்டும் என இரண்டனையும் ஒருங்கே வைத்தார். ஆகலின் இரண்டும் ஒருவன்மாட்டே அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்தென்க.

அக்காலத்து யூதருள் மாணாக்கனே நல்லாசிரியனைத் தேடியடைதல் வழக்கு. அடைந்தவன் ஆசிரியனுக்கு ஏவல் செய்து, அவன் உண்ணும் முறையும் உறங்கும் முறையுங்கூட உடனிருந்து கண்டு, நாளடைவில் தானும் ஆசிரியனாவான். இயேசுநாதர்பால் இம்முறை இரண்டிடத்து மாறியது. அவர் தாமே சென்று மாணாக்கரை அழைத்தனர். அழைக்கப்பட்டவரும் தம்மை ஆசிரியர் என்று பிறர் கூற இடங்கொடாது, என்றும் மாணாக்கராகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அழைக்கப்பட்டவர்தாம் யாவர்? பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் என்னும் நால்வரும் கலிலேயக் கடலில் வலைவீசி உண்ட பரதவர். மத்தேயு என்பார் ஆயமிறுத்த சுங்கத் தொழிலர். அத்தொழில் அந்நாட்டாரால் இழிக்கப்பட்டது. பன்னிருவர் என்னுந் தொகை இசுரவேலரின் பன்னிரு குலங்களைக் குறித்து நின்றது. இவர்க்குப் புறம்பாகவும் மாணாக்கர் பலர் இருந்தனர். மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரனாகிய கூசா என்பவன் மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலிய மகளிர் தம் பொருள் கொண்டு அக்கூட்டத்தைப் போற்றி உடன் சென்றனர் என்று லூக்கா கூறுகின்றார்.

இனி, அனுப்பியபோது இட்ட கட்டளைகள் நுணுகி நோக்கத்தக்கன. இருவர் இருவராகச் செல்லல் வேண்டும். உணவும் பையும் பணமும் இரண்டாவது மேலாடையும் கொண்டு செல்லலாகாது. ஊன்றுகோல் கொள்ளலாம் என்று மாற்கு கூற, அதுவும் ஆகாதென்று மத்தேயுவும் லூக்காவும் கூறுவர். ஏற்றுக்கொண்ட முதல் வீட்டிலேயே தங்கல் வேண்டும். நல்லுணவு நாடி வீடு மாறலாகாது. விலையின்றிப் பெற்றதனை விலையின்றியே வழங்கல் வேண்டும். ஏலாத ஊரைவிட்டுக் காலிற் படிந்த தூளையும் உதறி நீங்கல் வேண்டும்.

இவற்றின் கருத்து யாதெனின், கூறுதும். இருவராகச் செல்லுதல், ஒருவர் மொழிக்கு ஒருவர் சான்றாதற்கும், ஒருவர் ஒழுக்கத்தை ஒருவர் காத்தற்குமாம். இருவர் சான்றின்றி வழக்கு நிலைபெறாது என்பது யூத நூல் விதி. பொருளின்றிச் செல்லுதல், கேட்போர் முன்னிலையில் தூதன் ஏற்போனாய்த் தாழ்ந்து நிற்றற்காம். வீடு மாறாமை, செல்வர்பாற் சார்ந்து எளியோரை இகழாமைக்காம். தூளை உதறி நீங்குதல், ஏலாதாரை வலிந்து பற்றாமைக்காம். சமாரியர் ஊரொன்று இயேசுநாதரை ஏற்க மறுத்தபோது, வானத்தினின்று நெருப்பை வருவித்து அவ்வூரை அழிக்கலாமோ என்று யாக்கோபும் யோவானும் வினவினர். அவர் இருவரையும் கடிந்து வேற்றூர்க்குச் சென்றார். ஆகவே, அனுப்பப்பட்டோன் தொழில் அறிவித்தலேயன்றி வென்று அடிப்படுத்தலன்று என்பது பெறப்பட்டது. இதனைப் பின்னும் நினைவு கூர்தல் வேண்டும்.

இத்துணைச் செவ்விய கட்டளை பெற்றோர் எங்ஙனம் ஒழுகினர் என்று பார்ப்போமாயின், அவர்தம் நூல்களே அவர் குறையை மறையாது கூறுகின்றன. வழிநடக்கையில் தம்முள் பெரியவர் யாவர் என்று வழக்கிட்டனர். செபதேயுவின் மக்கள் இருவர் வலப்புறத்தும் இடப்புறத்தும் அரியணை வேண்டினர். ஆசிரியர் துயருற்று வழுத்திய இரவில் விழித்திருக்கவும் மாட்டாது உறங்கினர். பகைவர் வந்துழி எல்லோரும் ஓடினர். பன்னிருவருள் ஒருவனாகிய யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். தலைவராகிய பேதுரு, குளிர்காயும் முற்றத்தில் ஒரு பணிப்பெண் வினவ அஞ்சி, அவரை அறியேன் என்று மும்முறை மறுத்தார். கி.பி. 30-ஆம் ஆண்டையொட்டி எருசலேமில் அவர் சிலுவையில் அறையுண்டபோது நீங்காது நின்று நோக்கியவர் பெரும்பாலும் மகளிரே. அவர் உயிர்த்தெழுந்தார் என்னுஞ் செய்தியை முதற்கண் கொணர்ந்தவரும் மகளிரே. அதனைக் கேட்ட ஆடவர் வீண்மொழி என்று தள்ளினர் என்று லூக்கா எழுதினார்.

பேதுருவின் மறுப்பை நான்கு சுவிசேடங்களும் ஒருங்கே கூறுகின்றன. அந்நூல்கள் எழுந்த காலத்துப் பேதுரு பெருமதிப்புக்குரியவர். மாற்கு என்பவர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்து அவர் கூறியவற்றை எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பப்பியா கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. அது மெய்யாயின், தலைவரது இழிவு தலைவர் வாய்மொழியாகவே வந்ததாம். தன் பெருமையை மாணாக்கர்க்கு ஓதுவார் பலர். தன் வீழ்ச்சியை ஓதுவார் மிகச் சிலர்.

அற்றேல், யூதாசும் தவறினான், பேதுருவும் தவறினார். ஒருவன் கெட்டொழிய ஒருவர் தலைவராயது ஓரவஞ்சனை யன்றோ எனின், அன்று. என்னை? இருவர்க்கும் வருத்தம் உண்டாயிற்று. யூதாசு காசை எறிந்து தன் குற்றத்துக்குத் தானே நடுவனாகித் தூக்கிட்டு மாய்ந்தான் என்று மத்தேயு கூறுகின்றார். பேதுருவோ அழுது, உடன்மாணாக்கரைப் பிரியாதிருந்து, ஆசிரியர் மீளவும் வினவும்வரை காத்திருந்தார். யோவான் நூலின் இறுதியில், மும்முறை மறுத்தவரை நோக்கி அன்புண்டோ என மும்முறை வினாவி, மும்முறையும் மந்தையைக் காக்கும் பணியை இயேசுநாதர் ஒப்புவித்தார் என்று காண்கின்றோம். வீழ்ந்தவன் தன்னைத் தானே ஒறுத்துக்கொள்ளுதலும் ஒருவகைத் தற்போதமே. தன்னை ஆசிரியன் தீர்ப்பிற்கு ஒப்புவித்தலே மாணாக்கத்தன்மை. ஆகவே பேதுருவுக்குத் தூது உரிமை அவர் தகுதியால் மீண்டதன்று. அனுப்பியோன் அருளால் மீண்டதென்பது அந்நூலார் துணிபு.

இங்ஙனமாயின், ஒருகால் மன்னிக்கப்பட்டவன் பின் தவறான் என்று கொள்ளலாமோ எனின், அதுவும் இயலாது. அந்தியோக்கியாவில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சி அதற்குச் சான்று. அந்நகரிலேதான் இச்சீடர்க்குக் கிறித்தவர் என்னும் பெயர் முதன்முதல் இடப்பட்டது. ஆண்டு யூதரும் யூதரல்லாதாரும் உடனிருந்து உண்டனர். பேதுருவும் அவ்வாறே உண்டு வந்தார். யாக்கோபினிடமிருந்து சிலர் வந்தவுடன், அவர்க்கஞ்சி யூதரல்லாதாரோடு உண்ணுதலை விட்டு விலகினார்; ஏனைய யூதரும் பர்னபாவுங்கூட அவரைப் பின்பற்றினர். பவுல் என்பார் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேர்நின்று கடிந்தார். இது கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டிய செய்தி. பவுல் கலாத்தியர்க்கு வரைந்த ஓலையிற் காணப்படுவது. பவுல் எத்தன்மையர்? இயேசுநாதரோடு உடனுறைந்தவரல்லர், அவர் அடியாரைத் துன்புறுத்தியவர். யூதாசின் இடத்துக்கு மத்தியா என்பாரைச் சீட்டிட்டுத் தெரிந்தபோது, தொடக்கமுதல் உடனிருந்தவரே அவ்விடத்துக்கு உரியர் என்று விதித்தனர். அவ்விதிப்படி பவுல் உரியரல்லர். ஆயினும் பின்வந்தவர் மூத்தவரைக் கடிந்தார். அதனை எழுதியும் வைத்தார். அவ்வோலையைப் பேதுருவைப் போற்றிய கூட்டத்தாரே தம் திருநூலுட் சேர்த்துக் காத்தனர். மூத்தோன் குற்றத்தை இளையோன் எடுத்துக்காட்டும் உரிமையை ஏட்டிலேற்றிக் காத்தமை அக்கூட்டத்தார்க்கு ஒரு சிறப்பென்றே கூறல் வேண்டும். ஒன்றாக அமர்ந்து உண்ணும் பந்தியே பூசலுக்குக் களமாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது; உயர்ந்த கொள்கை நாவில் நிற்பதும் நில்லாததும் சோற்றிலையின் முன்னரே விளங்கும்.

தூதன் வாழ்க்கைக்குப் பொருள் வேண்டுமன்றோ? இதன்கண்ணும் பவுல் ஒழுகிய நெறி நோக்கத்தக்கது. கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிசுக்கில்லாள் என்னும் கணவன் மனைவியரோடிருந்து கூடாரத் தொழில் செய்து உண்டார். சுவிசேடம் அறிவிப்போன் அதனால் உண்ணும் உரிமையுடையன் என்பதை நாட்டி, தாம் மட்டும் அவ்வுரிமையைக் கொள்ளாது விடுத்தார். பிலிப்பி நகரத்தார் அன்பினால் அனுப்பியதனை ஏற்றுக்கொண்டார். உரிமை வேறு, அதனைக் கொள்ளுதல் வேறு; கொள்ளாமையாற் கேட்போர் நெஞ்சம் ஐயமின்றி நிற்குமாயின் கொள்ளாமையே நன்று; அன்பினால் வருவதனைத் தள்ளுதலும் ஒருவகைச் செருக்காகலின் அதனைத் தள்ளாமையும் நன்று. கொரிந்து நகரத்தார் பவுலைச் சார்ந்தோர், அப்பொல்லோவைச் சார்ந்தோர், பேதுருவைச் சார்ந்தோர் எனக் கட்சி பிரிந்தபோது, நட்டவனும் நீர்விட்டவனும் ஒரு பொருளல்லர், வளர்ப்பவன் இறைவனே என்று பவுல் தம்மைத் தாழ்த்தி அறிவுறுத்தினார்.

அடுத்த தலைமுறையில் ஊரூராய்த் திரியும் தூதர் மிகுந்தனர், போலிகளும் மிகுந்தனர். பன்னிருவர் போதனை எனப் பெயரிய சிறு நூலொன்று, 1056-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஏட்டினின்று, பிலோத்தேயு பிரியென்னியு என்னும் கிரேக்கக் குருவாற் கான்சுதாந்திநோப்பிளில் 1873-இற் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சாயிற்று. அந்நூல் முதல் நூற்றாண்டின் இறுதியிலாவது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாவது எழுந்தது என்பர். வரும் தூதன் ஒருநாள் தங்கலாம். வேண்டுமாயின் இரண்டு நாள் தங்கலாம். மூன்று நாள் தங்குவானாயின் போலி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் சேருமட்டும் வேண்டும் அப்பமன்றிப் பணம் கேட்பானாயின் போலி. உண்மையையே போதிப்பினும் போதித்தவாறு ஒழுகானாயின் அவனும் போலி. இவை அதன்கட் கண்ட விதிகள். அருள்வாக்கினை அளத்தற்கு அந்நூலார் எடுத்த கோல், நாட்கணக்கும் கைப்பணமுமாய் எளிய இல்வாழ்வாரும் எடுத்தளக்கத் தக்கதாயிருந்தது.

இனி, மேற்கூறிய வினா முற்றிப் பிளவாய் முடிந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். கி.பி. 303-இல் உரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன், கிறித்தவர் தம் திருநூல்களை எரித்தற்கு ஒப்புவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவிற் சிலர் மறுத்து மாண்டனர். சிலர் ஒப்புவித்து உய்ந்தனர். இலத்தீனில் ஒப்புவித்தோன் என்னுஞ் சொல்லும் காட்டிக்கொடுத்தோன் என்னுஞ் சொல்லும் ஒன்றே. துன்பம் ஒழிந்தபின், அங்ஙனம் ஒப்புவித்தவன் என்று பழிக்கப்பட்ட ஒருவனாற் கார்த்தேசு நகரத்துக்குச் செசிலியன் கண்காணியாக்கப்பட்டான். தவறியவன் கை தொட்ட பட்டம் பட்டமன்று என்று ஒரு சாரார் பிரிந்தனர். தொனாத்து என்பவனைத் தலைவனாகக் கொண்டமையின் அவர் தொனாத்தியர் எனப்பட்டனர். 314-இல் ஆர்லு நகரத்துச் சங்கத்தார், கொடுத்தவன் குற்றத்தாற் பட்டம் அழியாது என்று தீர்த்தனர். அதன்பின் அகுத்தீன் என்னும் பேரறிஞர் அக்கொள்கையை விரித்துரைத்தார். கல்லால் இயன்ற வாய்க்காலில் ஒன்றும் விளையாது. ஆயினும் அதன் வழியே செல்லும் நீர் தோட்டத்தை விளைவிக்கும் என்பது அவர் காட்டிய உவமையின் கருத்து.

இவ்வுவமை நன்றே; ஆயினும் முற்றும் அமைவதன்று. சடங்கினைப் பொறுத்தவரை வாய்க்கால் கல்லாயினும் அமையும். வாழ்க்கையை அறிவுறுத்தும் உபதேசத்துக்கோ, கேட்போன் நீரை மட்டும் காண்பதில்லை, வாய்க்காலையும் காண்கின்றான். அதனாலன்றோ ஒழுகாதவன் போலி என்று பன்னிருவர் போதனை விதித்தது? அற்றேல் அந்நூலும் அகுத்தீன் கூற்றும் தம்முள் முரணுமோ எனின், முரணா. அகுத்தீன் கூறியது கேட்போனுக்கு ஆறுதல்: ஆசிரியன் பின்னர்க் கெட்டானாயினும், அவனிடத்து நீ பெற்ற மெய்ப்பொருள் கெடாது என்பது. அந்நூல் கூறியது கேட்போனுக்குக் காப்பு: கெட்டவன் எனத் தெரிந்தபின்னும் அவன்பாற் செல்லற்க என்பது. ஒன்று சென்றதைப் பற்றியது. மற்றொன்று வருவதைப் பற்றியது. இவ்விரண்டும் கேட்போனை நோக்கியனவன்றி, தூதனுக்குப் புகலிடம் ஆகா. நீர் தோட்டத்துக்குப் பாய்ந்தது என்று கல்வாய்க்கால் களிப்பதற்கு என்னுளது? தான் வறிதே கிடந்தமையே அதற்கு எஞ்சியது.

தொனாத்தியர் தவறியோனை மீளாதவனாக்கினர். அது பேதுருவின் வரலாற்றை மறந்தமையாம். அவரை எதிர்த்தோரும் குற்றமற்றோரல்லர். 411-இற் கார்த்தேசில் வாதம் நிகழ்ந்தபின், அரசன் ஆணையாலும் தண்டத்தாலும் தொனாத்தியரை அடக்கினர். அகுத்தீனும் அதற்கு உடன்பட்டு நியாயங் கூறினார். சமாரியர் ஊரை எரிக்க வேண்டிய மாணாக்கரைக் கடிந்த ஆசிரியர் கட்டளை அன்று மறக்கப்பட்டது. தூய்மை வேண்டியவர் அருளை இழந்தனர். ஒருமை வேண்டியவர் பொறையை இழந்தனர்.

சீடர் பணி தமிழகத்தோடு இயைந்ததெனக் கூறும் செய்தியும் ஒன்றுண்டு. ஆசிரியர் மீண்டெழுந்தமையை ஐயுற்ற தோமா என்பாரே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார் என்றும், மயிலாப்பூரில் மாண்டார் என்றும் கிறித்தவர் வழிவழிக் கூறி வருகின்றனர். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சீரிய மொழியில் எழுந்த தோமா வரலாறு, அவர் செல்ல மறுத்தமையால் அபான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்கப்பட்டு வந்து, குந்தபார் என்னும் அரசனை அடைந்தார் என்று கூறுகின்றது. வடமேற்கிந்தியாவில் அப்பெயரிய அரசன் இருந்தமை காசுகளால் தெளியப்பட்டது. தோமாவின் வருகையோ வரலாற்றாரிடையே முடிந்த முடிபன்று. ஆயினும் அக்கதையை வழங்கியோர் கருத்து நோக்கத்தக்கது. ஐயுற்றவரும் செல்ல மறுத்தவருமாகிய ஒருவரையே மிகச் சேய்மைக்கண் சென்ற தூதராக்கிப் போற்றினர். குறையுடையோனைக் கொண்டும் நிறைவுடையோன் தன் பணி முடிப்பான் என்னும் துணிபு அதன்கண் அடங்கியுள்ளது.

இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்பட்டன தொகுத்துரைப்பாம். தவறிய மாணாக்கன் தூதனாதல் தகும். தவறினமையை மறைப்பவன் தூதனாதல் தகாது. தூதுக்கு உரிமை அனுப்புவோனாலன்றி அனுப்பப்படுவோனால் வருவதன்று. அங்ஙனமாகலின் அது பெருமைக்கும் ஏதுவன்று, நம்பிக்கையிழத்தற்கும் ஏதுவன்று. உடனுறைதலின்றிச் செல்பவன் தன்னையே போதிப்பான். செல்லுதலின்றி உடனுறைபவன் பெற்றதனைப் புதைப்பான். செல்பவனைக் காப்பன மூன்று: கைப்பொருளின்மை, கடிந்துரைக்கும் துணை, ஏலாதாரை வருத்தாமை. இம்மூன்றனுள் ஒன்று நீங்கினும் உபதேசம் ஆணையாக மாறும்; ஆணை படைக்கலமாக மாறும்.

பட்டமும் பீடமும் பெற்றோர் எந்நெறியினராயினும், ஆசிரியனிடத்துத் தாம் மாணாக்கராய் இருந்த நாளை மறவாதிருப்பரேல், அவர்பாற் கேட்போர் உய்தி பெறுவர். மறந்துழி, கேட்போர் ஒருகால் உய்யினும் உரைப்போர் உய்தல் அரிதென்க.